ஆளையும் நிறுக்கவேண்டும்

மூட்டைகள் பின்னால் அதிகமானால் வண்டியின் நுகத்தடி எழும்பும் என்பது வணிகர்களாகிய நமக்குத் தெரிந்ததே. விமானத்திலும் மொத்த எடை மட்டுமல்ல, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வால்பக்கம் கனத்தால் மூக்கு மேலே போகும்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் 19 பயணிகளுடன் கிளம்பிய ஏர் மிட்வெஸ்ட் சிறு விமானம் விழுந்து, விமானிகள் இருவர் உட்பட 21 பேரும் மாண்டனர். வாலை இயக்கும் கம்பி வடத்தைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அத்தோடு பின்பாரமும் வரம்பு மீறியிருந்தது. காகிதத்திலோ கணக்குச் சரி! யாரையும் நிறுக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு, பெட்டிக்கு 25 பவுண்டு என்று அரசு அனுமதித்த சராசரியைப் போட்டார்கள். விபத்துக்குப் பின் பல ஊர்களில் பயணிகளை நிறுத்துப் பார்த்தால், ஆளுக்குச் சராசரியாக 20 பவுண்டுக்கு மேல் கூடுதல்!

200 பேர் ஏறும் விமானத்தில் பருத்தவரும் மெலிந்தவரும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்வர். 19 பேரில் அதை நம்ப முடியாது. கண்மதிப்பில் சரக்குக் கொடுத்தால் முத்திரை ஆய்வாளர் நம்மை விடுவாரா? சிறு விமானங்களில் பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றவேண்டும் என்பதே எமது கருத்து. கூச்சப்படுவோருக்காக, எடையைச் சிப்பந்தி மட்டும் பார்க்கும்படி வைத்தால் போயிற்று.