பூப்போட்ட பழசு

திண்டுக்கல் கடைவீதியில இப்ப உடம்பெல்லாம் பூப்போட்ட கவுன் தொங்குது. 'விண்டேஜ்', அதாவது 1950கள் பாணியாம். பழசுக்கு ஏங்குறாங்க. யாரோட பழசு?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. தலையில் பூ கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி இதையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் நம் பெண்களிடம் பேசியது சேலைக்கட்டையும் பற்றித்தான்.

தோழர்களில் சிலர், நம்ம பிள்ளைகள் இந்தக் கவுன் வாங்குவதை நுகர்வு மோகம் என்று வைகிறார்கள். (வைகிறவர் போட்டிருப்பது கம்பெனிச் சட்டை.) போடட்டுமே தோழர். பூ மறுக்கப்பட்டவளின் பேத்தி உடம்பு முழுக்கப் பூவோட நடந்தா உங்களுக்கென்ன?

கேட்கணும்னா நூலைப் பத்திக் கேளுங்க. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி நம்ம பெண்களைக் கூட்டிப்போனார்கள். மூணு வருசம் விடுதியில் இருந்து வேலை செய்தால் கடைசியில் மொத்தமா பணம் என்றார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் வரவில்லை.