அறுபது அலகுக்குள் ஒரு வீடு

ஆசிரியர் அவர்கட்கு,

மின்கட்டண உயர்வு பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மாதம் 60 அலகைத் தாண்டினால் மிகுதிக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய வீதத்தில் கட்டணம் அறவிடப்படுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. ஆகவே 58 அலகுக்கும் 63 அலகுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ஐந்து அலகல்ல.

அந்த ஐந்து அலகை மிச்சம் பிடிப்பது கடினமுமல்ல. 60 வாற்று பழைய குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகுகூட வராது. உடுப்புகளை அன்றாடம் ஒவ்வொன்றாக அயன் பண்ணாமல் கிழமைக்கொருமுறை சேர்த்துச் செய்யலாம். கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டுத் தாங்கி வழியும்வரை மறந்திருப்பது எங்கள் ஊரில் வழமையாகிவிட்டது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் தேவை உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மோட்டரையும் அயனையும் தவிர்ப்பது பொதுநன்மையும்கூட.

1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாங்கள். சிக்கனம் எங்களுக்குப் புதிதல்ல.

தங்கள் பத்திரிகை கட்டணப் படிநிலைகளை எளிய அட்டவணையாக வெளியிட்டால் வீடுகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

இளைப்பாறிய ஆசிரியை,
பருத்தித்துறை.