முதிரைப் பாலமும் மன்னன் வாவியும்

கண்டி நகரின் வாகன நெரிசலுக்குச் சுரங்கப்பாதையே வழி என்று யாராவது பேசத் தொடங்கினால், இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற கேள்வியும் கூடவே கிளம்பிவிடுகிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்த மலைநகரில் அந்தக் கேள்விக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதற்கு ஒரு காலம் சொன்ன விடையை அடுத்த காலம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டதில்லை.

மதுரை வழி நாயக்கர் குடியிற் பிறந்து, கண்ணுச்சாமி என்ற பெயரோடு வளர்ந்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணை ஏறிய மன்னன், 1807இல் தலதா மாளிகையின் அருகே நெல் விளைந்த வயல்களை அணைகட்டி வாவியாக்க முனைந்தான். குளம் வெட்டுவது இந்நாட்டு மன்னர்களுக்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் வெட்டியவை வயலுக்கு நீர் தந்தன, இதுவோ வயலை விழுங்கியது. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் மண் சுமந்த மக்கள் முணுமுணுத்தார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் அந்த மண்ணிலேயே கழுவேற்றப்பட்டார்கள் என்றொரு கதையும் வழங்கிவருகிறது. தேவேந்திர மூலாச்சாரி வடிவமைத்ததாகச் சொல்லப்படும் வாவிக்கரை முகிற்சுவர் முடியுமுன்னே 1815இல் அரசு கவிழ்ந்தது. மன்னன் வேலூர்ச் சிறையில் 1832இல் மறைந்தான். வந்த ஆங்கிலேயர் வாவியின் நடுத்தீவில் வெடிமருந்தைச் சேமித்தார்கள். அழகு சும்மா கிடப்பதைப் பொறுக்காதவர்கள் அவர்கள்! இன்று அந்த வெடிமருந்தும் இல்லை, மன்னனும் இல்லை. ஒன்றுக்கும் உதவாதெனப்பட்ட நீர்ப்பரப்பு மட்டும் கண்டியின் முகமாகிவிட்டது.

அதே ஆங்கிலேயர் 1830களின் தொடக்கத்தில் பேராதனையில் செய்ததும் குறைந்த விசித்திரம் அன்று. கட்டிலும் அலுமாரியும் கடைகிற முதிரை மரத்தால், மகாவலியின் குறுக்கே 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாவும் பாலம் ஒன்றைப் பொறியாளர் ஜோன் பிரேசர் எழுப்பினார். ஆணியில்லை, திருகாணியில்லை, ஒரு மரம் இன்னொன்றைக் கவ்விப் பிடித்திருக்கும் பொருத்துகளே அதன் பலம். ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் நின்ற அந்த மரச்சட்டத்தின் மேல், கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டேயிருந்தன. 1905இல் இரும்புப் பாலம் அதன் இடத்துக்கு வந்தபோது அதற்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தச்சனின் கனவு போன்ற ஒன்று தான் சுமந்த கோப்பியைவிட நீண்ட நாள் நிலைத்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் அக்காலத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனமெல்லாம் கோப்பியில்தான் குவிந்திருந்தது. மழை விடாத மலையில் கொட்டையை உலர்த்துவது பெரும்பாடு. 1850ஐ ஒட்டி கிளெரிஹ்யூ என்பவர், கொட்டை பரப்பிய தட்டுகளினூடே சுடுகாற்றை விசிறியால் இழுத்து உலர்த்தும் ‘ஸ்டோர்’ என்ற கூடத்தை வகுத்தார். அதில் யாரும் பைத்தியக்காரத்தனம் காணவில்லை. கணக்குப் பார்த்தால் லாபம் தெரிந்தது. 1869இல் இலைகளின் அடியில் செம்மஞ்சள் துருநோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கணக்குப் பார்க்கக் கோப்பியே இல்லாமற் போயிற்று. அந்தக் காற்றும் விசிறியும் மட்டும் வேறு உருவில் திரும்பி வந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் இன்றும் கொழுந்தை வாட்டுவது விசிறி செலுத்தும் காற்றுத்தான்.

கோப்பி கொடிகட்டிப் பறந்த 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரை அயல் துரைமார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். அவருடைய முதல் தொழிற்சாலை பங்களா விறாந்தைதான். அங்கே மேசையில் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். அந்த மலைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோர். 1872இல் டெய்லர் உருட்டும் எந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார். மேசையை விட்ட கைகளுக்கு மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் வேலை காத்திருந்தது.