அவவுக்கு மட்டும் தெரியாத வருத்தம்

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வருத்தம் பார்க்கப் போனேன். படலையில் கை வைக்கும் முன்னமே வீட்டுக்காரர் ஓடிவந்து மறித்தார். “ரீச்சர், ஒண்டு சொல்லவேணும். மனுசிக்கு விசயம் தெரியாது. மார்பில நீர்க்கட்டி எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். வாய் தவறிக் கேட்டுப்போடாதையுங்கோ. தெரிஞ்சால் ஆள் உடைஞ்சுபோவா.”

விசயம் யாருக்கெல்லாம் தெரியும் என்று விசாரித்தேன். ஸ்கார்பரோவில் இருக்கும் தம்பியாருக்குத் தெரியும். லண்டன் மச்சாளுக்குத் தெரியும். அவ சொல்லி அங்கத்தைய கோயில் சிநேகிதிகளுக்கும் தெரியும். கிளினிக்குக்கு ஏற்றிப்போகும் ஓட்டோப் பொடியனுக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும், எனக்குச் சொன்னதே அவர்தான். தெரியாதது ஒரே ஒரு ஆளுக்கு. கட்டி யாருடைய மார்பில் இருக்கிறதோ அவவுக்கு.

உடைந்துபோவாவாம். எந்த மனுசி? 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தபோது, மாமியாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, பிள்ளையைப் பாரில் வைத்து, தென்மராட்சி மட்டும் தள்ளிக்கொண்டு போன மனுசி. அப்போது இந்த வீட்டுக்காரர் கொழும்பில் லொட்ஜில் இருந்தார். செல்லுக்கு உடையாதவ சொல்லுக்கு உடைவாவாம். கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நடிகை கௌதமி ஞாபகம்தான் வரும். சிரிக்காதையுங்கோ. மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் போட்டு ‘தேவர் மகன்’ பார்த்த ஊர் இது. கௌதமியைத் தெரியாத வீடு இங்கே இல்லை. 35 வயதில் தன் மார்பில் கட்டியைத் தானே தடவிக் கண்டுபிடித்தவ அவ. புற்றுநோய் என்று தெரிந்துகொண்டே சிகிச்சை எடுத்தா. 2015இல் ‘பாபநாசம்’ படத்தில் நீங்கள் எல்லாரும் பார்த்துக் கண்ணீர் விட்ட அந்தத் தாய் யார்? அதே கௌதமி. தெரிந்ததால் உடைந்துபோயிருந்தால் அந்தப் படத்தில் நடித்தது யாருடைய ஆவி? அதோடு புற்றுநோய்க்காரருக்காக அமைப்பு நடத்தி, மேடை மேடையாக ஏறித் தன் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டு திரிகிறா. எங்கள் ஒழுங்கைக் கணவன்மாரின் மருத்துவ விஞ்ஞானப்படி அவ எப்போதோ இல்லாமல் போயிருக்கவேணும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். மார்புப் புற்றுநோய் தொடக்கத்தில் பிடிபட்டால் பல பேருக்கு இரண்டு வழி உண்டு. மார்பை முழுதாக எடுப்பது ஒன்று. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கதிர்வீச்சுச் சிகிச்சை, அதுதான் எங்கள் சனம் ‘கரண்ட்’ என்று சொல்வது, அதைப் பிடிப்பது மற்றது. எது உயிரைக் கூடக் காக்கும் என்று அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கி 20 வருடம் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது. உயிர் தப்புவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் எதை எடுப்பது என்பது முழுக்க அந்தப் பெண்ணுடைய விருப்பம். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வாரக்கணக்கில் போய்வர ஏலுமா, ஒரு மார்பு இல்லாமல் சட்டை போட ஏலுமா, மிச்சம் இருக்கிறதில் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தோடு நித்திரை கொள்ள ஏலுமா? இதற்கெல்லாம் விடை தெரிந்த ஒரே ஆள் அவதான். வைத்தியருக்குத் தெரியாது. ஸ்கார்பரோத் தம்பிக்கு அறவே தெரியாது.

நடப்பது என்ன? கணவன் தனியாக உள்ளே போகிறார். வைத்தியர் இரண்டு வழியையும் சொல்கிறார். இவர் வெளியே வந்து வட்ஸ்அப்பில் மாநாடு கூட்டுகிறார். தம்பி, மச்சாள், மருமகன், மருமகனோடு படித்த யாரோ ஒரு டொக்டர். “முழுசா எடுத்துவிடுங்கோ அத்தான், ரிஸ்க் எடுக்கக்கூடாது” என்று தம்பி தீர்ப்புச் சொல்கிறான். எடுக்கப்போவது அவனுடையதை இல்லையே, தாராளமாகச் சொல்வான். மனுசி வெளியே வாங்கில் இருந்து குமுதம் புரட்டுகிறா. தேர்தலில் வாக்குப் போட உரிமை, வீட்டு உறுதியில் கையெழுத்து வைக்க உரிமை, சீட்டுப் பிடிக்க உரிமை எல்லாம் உள்ள மனுசிக்குத் தன் நெஞ்சில் கத்தி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லை. இதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் பாசம்.

கௌதமியிடம் கேட்டிருந்தார்களா, கௌதமியின் தம்பியிடம் கேட்டிருந்தார்களா?

சரி, வெட்டி முடிந்தது. நீர்க்கட்டிக்கு எதற்குக் கீமோ? ‘இரத்தம் காணாது, சத்து மருந்து ஏத்தினம்.’ சத்து மருந்துக்குத் தலைமயிர் கொட்டுமா? ‘ஷம்பூ சரியில்லை.’ ஒரு பொய்க்கு முண்டு கொடுக்க இன்னொன்று. இதெல்லாம் பகிடியாக இருக்கலாம், ஆனால் கீமோ எடுக்கும் ஆளுக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்தால் அது பகிடி இல்லை. வெள்ளைக் குருதிக் கலங்கள் இறங்கிக் கிடக்கும் நேரம் அது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும், இல்லாவிட்டால் கிருமி ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். தனக்குச் சத்து மருந்து ஏற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கும் மனுசி என்ன செய்வா? இரண்டு பனடோலைப் போட்டுவிட்டு, கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுப்பா. பிறகு ‘நல்லாத்தான் இருந்தவ, திடீரெண்டு போட்டா’ என்று செத்தவீட்டில் கதை நடக்கும். அதேபோல்தான் வருத்தம் திரும்ப வராமல் இருக்கக் குடுக்கிற தமொக்சிஃபென் குளிசையும். குறைந்தது 5 வருடம் ஒவ்வொரு நாளும் விழுங்கவேண்டியது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, எதற்கு இந்தக் குளிசை என்று ஆறாம் மாதம் நிற்பாட்டுவா. நீர்க்கட்டிக்காரி ஏன் 5 வருடம் மருந்து குடிக்கவேணும்? அவ கேட்பது நியாயம்தானே.

இவ்வளவுக்கும் மறைக்கவாவது தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை. தெல்லிப்பழையில் இருப்பது புற்றுநோய் வைத்தியசாலை என்று குடாநாட்டில் எந்தப் பச்சைக் குழந்தைக்குத் தெரியாது? 2011இல் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை மட்டும் நாட்டை நீளத்துக்கு நடந்து சேர்த்த பணத்தில் எழும்பி, 2013இல் திறக்கப்பட்டது. தெற்கே இருந்து சிங்களச் சனம் எங்களுக்காகப் புற்றுநோய் என்ற பெயரை உரத்துச் சொல்லிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தது. நாங்கள் அந்தப் பெயரைக் குசினிக்குள் வைத்துக் குசுகுசுக்கிறோம். பஸ்ஸில் இறங்கி, பலகையை வாசித்து, மொட்டைத் தலைகளோடு வரிசையில் நிற்கிற மனுசிக்கு என்ன வருத்தம் என்று விளங்காதாம். அவவுக்கு எல்லாம் விளங்கும். மனுசன் தாங்கமாட்டார் என்று அவ பேசாமல் இருக்கிறா. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஆளுக்காள் நடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே ‘சொல்லுறது வெள்ளைக்காரப் பழக்கம், எங்கட கலாசாரம் வேற’ என்பார்கள். வெள்ளைக்காரனும் நேற்றுவரை மறைத்தவன்தான். 1961இல் சிக்காகோவில் வைத்தியர்களைக் கேட்டபோது நூற்றுக்கு 90 பேர் நோயாளிக்குச் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அமெரிக்காவில் திரும்பக் கேட்டபோது நூற்றுக்கு 97 பேர் சொல்கிறோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் கலாசாரம் தலைகீழானது. ஆர்ஜென்ரீனா ஜனாதிபதி பெரோன் கதை தெரியுமா? முதல் மனைவி கருப்பைப் புற்றுநோயில் 1938இல் செத்தா. இரண்டாம் மனைவி, உலகமே அறிந்த எவிட்டா, அவவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வந்தது. அவவுக்குச் சொல்லவில்லை. நியூயோர்க்கில் இருந்து வந்த அறுவை வைத்தியர், அவவுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் அறைக்குள் நுழைந்தார், வெட்டினார், போனார். தன்னை வெட்டியவரின் முகத்தை அவ பார்த்ததே இல்லை. 1952 ஜூலையில், 33 வயதில் செத்துப்போனா. மறைத்து வைத்துக் காப்பாற்றிய லட்சணம் அது. எவிட்டா ஒரு பக்கம், கௌதமி ஒரு பக்கம். எந்தப் பக்கம் உங்கள் மனுசியை நிறுத்தப்போகிறீர்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆம்பிளைக்கு வருத்தம் வந்தால் இந்தக் கதையே இல்லை. என்ரை இவருக்கு வாயில் புற்றுநோய் வந்தபோது (இலங்கை ஆம்பிளைகளுக்கு அதிகம் வருவது அதுதான், வெத்திலையையும் சுருட்டையும் கேளுங்கள்) வைத்தியர் அவரைக் கதிரையில் இருத்தி, வெட்டுவதைப் பற்றியும் கரண்டைப் பற்றியும் அவரிடமே விளங்கப்படுத்தினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்குச் சொல்லாதையுங்கோ என்று ஒரு குருவியும் சொல்லவில்லை. விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் 2006 நவம்பரில் தனக்குப் பித்தக்குழாய்ப் புற்றுநோய் என்றும், நாட்கள் எண்ணப்படுகின்றன என்றும் தானே வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த மனைவி அடேல் பயிற்சி பெற்ற தாதி. டிசம்பர் 14 அவர் லண்டனில் இறந்தார். அரசியலில் அவரோடு ஒத்துப்போனவர்கள், போகாதவர்கள் எல்லாரும் அந்தச் செய்தியைப் படித்தோம். ‘ஐயோ பாவம், அவருக்கு ஏன் சொன்னவங்கள், மனம் தாங்காதே’ என்று ஒருவராவது கேட்டோமா? ஆம்பிளையின் நெஞ்சு தேக்கு, பொம்பிளையின் நெஞ்சு முருங்கை.

மறைப்பதற்கு உண்மையான காரணம் வேறு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் இரண்டு குமர். ‘தாய்க்குக் கான்சராம், பரம்பரை வருத்தமாம்’ என்று வெளியில் கதை பரவினால் கலியாணம் குழம்பும். மார்புப் புற்றுநோயில் பரம்பரையால் வருவது நூற்றுக்கு 5 முதல் 10 மட்டும்தான். அந்தப் பத்துக்குள் இருந்தாலும் தாய்க்கு வந்தது தெரிந்தால்தானே மகள் நேரத்தோடு போய்ச் சோதித்துப் பார்ப்பாள்? சாதகத்தில் செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்று மூன்று சாத்திரியாரிடம் கேட்கிற சனம், தாயின் மார்பில் என்ன நின்றது என்று மகளுக்குச் சொல்லாது. சீதனத்துக்குக் காணி எழுதும்போது மட்டும் ஒளிவுமறைவு கூடாதாம்.

வருத்தம் பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, நோயாளிக்கு முன்னால் ‘ஒண்டும் இல்லை, சுகம் வந்திடும்’ என்று சிரித்துவிட்டு, படலையில் நின்று ‘எவ்வளவு நாள் எண்டு சொல்லினம்?’ என்று கேட்கிற கூட்டம். இவர்கள்தான் முள்ளுச் சீத்தா இலையை அவித்துக் குடித்தால் கட்டி கரையும் என்று யூரியூப்பைக் காட்டுகிறவர்கள். கௌதமி சீத்தா இலை அவித்துக் குடித்தா சுகம் கண்டவ?

வைத்தியர்மாரையும் விடமுடியாது. எத்தனையோ பேர் நல்லாய்க் கதைக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஒருமுறை துணைக்குப் போன இடத்தில் பெரிய வைத்தியர் ஒருவர் மனுசியின் தலைக்கு மேலால் மகனோடு ஆங்கிலத்தில் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மனுசி சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு இருந்தா. 19ஆம் நூற்றாண்டில், இதே குடாநாட்டில், மானிப்பாயில், அமெரிக்காவில் இருந்து வந்த சாமுவேல் கிறீன் உடற்கூற்றையும் இரணவைத்தியத்தையும் தமிழில் புத்தகமாக்கி 60 பேருக்கு மேல் வைத்தியராக்கிவிட்டுப் போனார். வெள்ளைக்காரனுக்கு வந்த தமிழ் எங்கள் பொடியளுக்கு வராதாம்.

ஆகவே மனைவிக்குப் புற்றுநோய் என்று அறிந்த கணவன்மாருக்கு நான் சொல்வது இதுதான். சொல்லுங்கள். முழுவதையும் ஒரே நாளில் கொட்டத் தேவையில்லை; எவ்வளவு தெரியவேணும் என்று அவவையே கேளுங்கள். எனக்குச் சொல்லாதையுங்கோ, நீங்களே முடிவெடுங்கோ என்று அவ தன் வாயால் சொன்னால் அது அவவின் முடிவு, அதற்குக் கட்டுப்படுங்கள். ஆனால் அந்த முடிவைக்கூட அவவிடம் கேட்காமல் நீங்கள் எடுக்காதீர்கள். அவ அழுவா. இரண்டு நாள் சாப்பிடமாட்டா. மூன்றாம் நாள் ‘கரண்ட் பிடிக்க எத்தினை மணிக்குப் பஸ்?’ என்று கேட்பா. அழும்போது பக்கத்தில் இருக்கிறதுக்குப் பயந்துதான் நீங்கள் படலைக்கு ஓடிவந்து எங்கள் வாயைக் கட்டுகிறீர்கள்.

அடுத்த கிளினிக்குக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. கொப்பியை அவவின் கையில் குடுங்கோ. வைத்தியருக்கு முன்னால் இருக்கிற கதிரையில் அவவை இருத்துங்கோ. கேள்வியை அவ கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பதிலை எழுதுங்கோ.