பொம்மைக்குப் பூசும் வர்ணம்

நவராத்திரி அணுகும்போது, பெட்டியிற் பொதிந்து வைத்த கொலுப் பொம்மைகளை வெளியே எடுத்துப் பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். வர்ணம் உதிர்ந்தவற்றைக் கண்டதும், நாமே பூசிவிடலாமென்ற ஆசை பிறக்கும். அவ்வாசைக்கு நானும் ஒருமுறை ஆளானேன்.

என் தாயார் விட்டுச்சென்ற, சாண் உயரமுள்ள களிமண் சரசுவதி அது. சேலைக்கு வெண்ணிற எனாமல் பூசினேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டதென எண்ணி, பளபளப்புக்காக மோட்டார் வண்டிகளுக்கு அடிக்கும் லாக்கரை அதன்மேல் தெளித்தேன். சில நிமிடங்களில் சேலை முழுவதும் பாலாடைபோலச் சுருங்கிற்று. அருகில் நின்ற மகள், "அப்பா, அது அப்பாச்சியின் பொம்மையல்லவா?" என்றாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிழை வர்ணத்திலன்று, பூசிய வரிசையிலேயே இருந்தது. வர்ணங்கள் யாவும் ஒரே விதமாக உலர்வதில்லை. லாக்கர், தன் கரைப்பான் ஆவியாவதனால் இறுகுவது. எனாமலோ கரைப்பான் நீங்கிய பின்னரும், காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுப் பல நாட்கள் இறுகிக்கொண்டிருக்கும். மேலே தோல் கட்டியிருப்பினும் உள்ளே இளகியே இருக்கும். அந்நிலையில் லாக்கரின் வலிய கரைப்பான் பட்டால், அடிப்பூச்சு ஊறிச் சுருங்காமல் என்செய்யும்?

1950களில் அமெரிக்காவில் ஓவியர்களுக்கென விற்பனைக்கு வந்த, நீரிற் கலக்கும் அக்கிரிலிக் வர்ணம் வேறு இயல்பினது. நீர் ஆவியானதும் அதன் நுண்ணிய துணிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. பின்னர் நீர் பட்டாலும் அப்படலம் கரையாது.

ஆதலின் விதி எளியது: கீழே உள்ளதைக் கரைக்கவல்ல எதனையும் மேலே பூசலாகாது. முதலில் அக்கிரிலிக்கைப் பூசி நன்கு உலரவிடுக. பின்னர் எண்ணெய் வர்ணத்தை மினரல் டேர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து மேலே தடவுக. அது சேலை மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் சென்று தங்கும். மேடான இடங்களைத் துணியால் மெல்லத் துடைத்தால், மடிப்புகள் நிழலுடன் எழுந்து தோன்றும். பிழைபட்டாலும் அஞ்சவேண்டியதில்லை; டேர்பன்டைன் தோய்ந்த துணி எண்ணெய் வர்ணத்தையே அகற்றும், அடிப்பூச்சு நிலைத்திருக்கும். இவ்வரிசையை மாற்றி, உலராத எண்ணெய் வர்ணத்தின்மேல் அக்கிரிலிக்கைப் பூசினாலோ, மேற்படலம் விரைவில் மூடிக்கொள்ள, அடியிலுள்ளது மெல்ல அசைந்து அதனை வெடிக்கச் செய்யும். ஐயமிருப்பின் இரு வர்ணங்களையும் உடைந்த ஓட்டுத் துண்டொன்றிற் பூசி முதலிற் சோதிப்பது நன்று.

சுருங்கிய பூச்சு முற்றாக இறுகும்வரை சில வாரங்கள் காத்திருந்தேன். பின்னர் மெல்லிய மணற்கடதாசியால் அதனைத் தேய்த்து நீக்கி, மீண்டும் தொடங்கினேன். இம்முறை ஒவ்வொரு பூச்சுக்கும் நாட்குறித்து வைத்தவள் மகளே. வீணையின் நரம்புகளைத் தீட்டும் வேலையையும் அவளிடமே விட்டுவிட்டேன்.