தள்ளிவைத்த வரி

ஜொகூரில் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசியப் பள்ளி என்று படித்து வந்த எனக்கு, சிராங்கூன் சாலையில் தேநீர் குடித்தபடி மாமா சொன்ன கணக்குதான் இங்கே முதல் பொருளியல் பாடம்.

1998இல், ஆசிய நிதி நெருக்கடியின்போது, கட்டிமுடியாத தனியார் வீடு வாங்குவோர் முத்திரைத் தீர்வையைப் பிறகு கட்டலாம் என்றார்கள். 2006 டிசம்பர் 15இல் அச்சலுகை நின்றது. 600,000 வெள்ளி வீட்டுக்கு அன்றைய விகிதப்படி 12,600 வெள்ளி. 14 நாளுக்குள் கட்டவேண்டும்.

"அநியாயம்டா" என்கிறார் மாமா, இன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடியிருக்க வாங்கியவர் என்றைக்கானாலும் கட்டவேண்டிய பணம்தான். சாவி வருமுன்பே கைமாற்றியவரோ லாபத்திலிருந்தே கட்டிவிடலாம்! ஆனாலும், முதல் வீடு வாங்குவோருக்கு மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம். 2007இல் அந்த 14 நாளுக்குள் அத்தையின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின.