பூஜை ரோஜாவும் பூஞ்சண நோயும்

திருப்புகலூர் முருக நாயனார், வைகறையில் நீராடி மலர் கொய்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்துவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நந்தவனம் அமைக்க இடமுள்ள இல்லங்கள் குறைவு. எனினும் மாடித் தொட்டியில் பன்னீர் ரோஜா வளர்த்து, நாளும் ஒரு மலரேனும் சுவாமிக்குச் சாத்தும் பெரியோர் பலர்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்செடிகளுக்குச் சோதனை வருகிறது. இலையில் கரும்புள்ளிகள் தோன்றும். சுற்றிலும் மஞ்சள் பரவும். பிறகு இலை உதிரும். இது கரும்புள்ளி நோய். இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே இப்பூஞ்சணம் உள்ளே புகுந்துவிடும். மார்கழிப் பனிக்காலத்தில் தளிரிலும் மொட்டிலும் வெண்பொடி தூவியதுபோல் படிவது சாம்பல் நோய்.

ஆகவே, கரும்புள்ளிக்கு முதல் மருந்து இலையை உலர்வாக வைப்பதே. மாலையில் செடியின்மேல் நீர் தெளிப்பதை விடுத்து, காலையில் வேரடியில் ஊற்றுங்கள். காலை வெயிலும் காற்றும் படும்படி தொட்டிகளை இடைவெளிவிட்டு வையுங்கள். நோயுற்ற இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். உதிர்ந்த இலைகளையும் தொட்டியில் விடலாகாது.

நிர்மாலியம் கால்படாதிருக்க அதனைச் செடித் தொட்டியில் இடுவது நல்ல வழக்கமே. ஆனால் ரோஜாவோடு வரும் இலையில் நோய் ஒளிந்திருக்கக்கூடும். கரும்புள்ளி நோய் ரோஜாவை மட்டுமே பற்றுவதால், அந்த நிர்மாலியத்தைச் செம்பருத்தி அல்லது தென்னையின் அடியில் சேர்ப்பது நலம்.

இவ்வளவு செய்தும் நோய் தணியாவிடில் மருந்து தெளிக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு, சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் 2 கிராம். கரும்புள்ளிக்கு மாங்கோசெப் 2 கிராம். இலையின் இருபுறமும் படவேண்டும். கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கையுறை அணிந்து தெளியுங்கள். ஐயமிருப்பின், நோயுற்ற இலையுடன் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

தெளிப்பதற்கு முன்பே, மலர்ந்தவற்றையெல்லாம் பறித்துச் சுவாமிக்குச் சாத்திவிடுங்கள். மருந்து பட்ட மலர் பூஜைக்கு ஆகாது. பின்னர் புதிதாய் அரும்பி மலர்வதற்குக் காத்திருங்கள். பிரசாத மலரை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பேரக்குழந்தையோ அதன் இதழை வாயிலும் இட்டுக்கொள்ளும். மலர் வாய்க்காத நாளில் ஒரு துளசி இலையோ வில்வ இலையோ சாத்தினாலும் இறைவன் ஏற்பான்.